கன்னிமார் பாறையும் என் திருகு லென்ஸும்

ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் பிறந்த நட்சத்திரத்தில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். திருப்பதியில் நான் வேலை பார்த்த வன அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறதாம். புதருக்குள் பறவை எங்கே உட்கார்ந்திருந்தாலும் அதன் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, சுற்றிலும் ஒரு சின்னக் கட்டம் போட்டுக் காட்டுமாம். என் இடத்துக்கு வந்திருக்கும் சுகுணா போன் செய்தாள். "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி மேனேஜ் பண்ணீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், புதுசா சேர்ந்தவங்களுக்குக் காட்டலாம்" என்றாள்.

"உங்க காலம்" என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன போய்ச் சேர்ந்தவளா? இன்றைக்கும் காலையில் தோசை வார்த்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதோடு அவள் நினைத்துக்கொண்டிருப்பதும் தப்பு. கடைசி வருஷங்களில் என் கையில் இருந்ததும் புதுக் கேமராதான். அதன் மூக்கில் நான் மாட்டியது மட்டும்தான் பழசு. அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் நைனா நகரியில் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தம் எனக்கு ஆகாது என்று புத்தூரில் மாமா வைத்திருந்த ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்துகொண்டேன். பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து என்று சில வருஷம் போயிற்று. பிறகு திருப்பதி வன அலுவலகத்தில் போட்டோ உதவியாளர் வேலை கிடைத்தது. மலை, மான், மயில் என்று கனவு கண்டுகொண்டு போனேன். எனக்குக் காட்டிய முதல் பொருள் மரக்கட்டை. அதற்குப் பிறகும் மரக்கட்டைதான். பிடிபட்ட செம்மரங்களை முற்றத்தில் அடுக்கி, ஒவ்வொன்றின் வெட்டு முகத்திலும் வெள்ளைப் பெயின்டில் எண் போடுவார்கள். அந்த எண் பளிச்சென்று தெரிய வேண்டும், கோர்ட்டுக்குப் போகிற படம். "இன்னிக்குக் கட்டைக்குப் பவுடர் போட்டியா?" என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்பார். நான் பதில் சொல்லாமல் குழம்பில் உப்பைக் கூட்டிவிடுவேன்.

அந்தக் கட்டைகளின் புண்ணியத்தில்தான் என் கைக்கு மூன்று லென்ஸ்கள் வந்தன. பொடிப் பொருளைக் கிட்டத்தில் போய்ப் பெரிதாக எடுக்கும் ஜப்பான் லென்ஸ் ஒன்று. நடுவாந்திரமாக ஒரு ரஷ்ய லென்ஸ். எந்த அதிகாரியோ பறவை ஆசையில் வாங்கிப்போட்ட நீளமான லென்ஸ் ஒன்று. மூன்றும் இரும்பும் பித்தளையும் கண்ணாடியும்தான். உள்ளே மோட்டார் கிடையாது. படம் தெளிவாக வேண்டுமென்றால் மேலே இருக்கும் வளையத்தை நாம்தான் கையால் திருக வேண்டும். அதனால் ஆபீசில் அவற்றுக்குத் திருகு லென்ஸ் என்று பெயர் விழுந்துவிட்டது. என்னையும் சிலர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரியும்.

பிலிம் போய் டிஜிட்டல் வந்ததும் மூன்றும் ஸ்டோர் அறையில் தூங்கப் போய்விட்டன. மழைக்காலத்து ஈரத்தில் விட்டால் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. நல்ல வெயில் அடிக்கும் நாளில் மூன்றையும் மாடிக்கு எடுத்துப்போய், மூடியைக் கழற்றி, வடகம் காயவைக்கிற மாதிரி துணி விரித்து வைப்பேன். ஒருநாள் காக்கை ஒன்று ரஷ்ய லென்ஸின் மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அதற்கு ஊறுகாய் பாட்டில் மூடிதான். கச்சிதமாகப் பொருந்தியது.

பிறகுதான் அந்த மெல்லிய புதுக் கேமரா ஆபீசுக்கு வந்தது. அதற்குக் கூட வந்த லென்ஸ் சின்னது, அறைக்குள் கூட்டம் நடந்தால் எடுக்கலாம். வேறு லென்ஸ் வாங்க அனுமதி வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன் என்று தெரிந்தது. பழைய லென்ஸை இதில் மாட்டினால் என்ன என்று தோன்றியது. இரண்டுக்கும் வாய் சேராது, நடுவில் ஓர் உலோக வளையம் வேண்டும். ரேணிகுண்டாவில் லேத் பட்டறை வைத்திருந்த பாஸ்கர் எனக்குத் தம்பி முறை. அளவு கொடுத்ததும் கடைந்து தந்தான்.

மாட்டினேன். கேமரா திரையில் "லென்ஸ் இல்லை" என்று எழுதிக் காட்டியது. இத்தனை கனத்தை மூக்கில் தொங்கவிட்டுக்கொண்டு இல்லை என்கிறதே என்று சிரிப்பு வந்தது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் போய் ஒரு அனுமதி கொடுத்ததும் வாயை மூடிக்கொண்டது. மாடிக்கு ஓடினேன். எதிரே திருமலை மலை. லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருகியும் மலை மங்கல். பக்கத்தில் தொட்டிச் செடி மேல் போன எறும்போ மீசை வரைக்கும் தெரிந்தது. பாஸ்கருக்குப் போன் போட்டேன்.

"மலை தெரியலடா."

"மலை எங்கக்கா போவப் போவுது? எறும்பு தெரியுதில்ல, எறும்ப எடு."

அவனை வைத வசவை இங்கே எழுத முடியாது. பாஸ்கர் கடைந்த வளையம் ஒரு நூல் தடித்துவிட்டால் தூரத்தில் இருக்கும் எதுவும் தெளிவுக்குள் வராது, அதுதான் விஷயம். வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், கொஞ்சம் தேய்த்துத் தருவான், மாடிக்கு ஏறுவேன், இறங்கி வந்து திட்டுவேன். இப்படியே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒருநாள் காலையில் லென்ஸ் வளையம் முழுதாகத் திரும்பி நின்ற இடத்தில் மலை வந்து நின்றது. மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னல்கூடத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து பியூன் தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்தார். மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்தாராம். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை. வீட்டுக்காரருக்கும் இது தெரியும்.

புதுக் கேமரா பழைய லென்ஸுக்கு ஒரு பெரிய உபகாரம் செய்தது. எந்த இடம் தெளிவில் இருக்கிறதோ, அதன் ஓரத்தில் திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். வளையத்தைத் திருகத் திருக அந்தச் சிவப்பு ஒரு பொருளின் மேல் ஊர்ந்து போகும். முதலில் முன்னால் இருக்கும் முள், பிறகு இலை, பிறகு குருவியின் அலகு, கண், வால். தானாகத் தெளிவு பிடிக்கும் லென்ஸ் முள்ளையே கட்டிக்கொண்டு அழும். நான் முள்ளைத் தாண்டிக் குருவிக்குப் போய்விடுவேன். கண்ணால் பார்க்கிறோமா, விரலால் தடவுகிறோமா என்று சந்தேகம் வரும். அந்த வருஷங்களில்தான் எனக்குக் கட்டையிலிருந்து விடுதலை. ரேஞ்சர் ஜெயராமய்யா என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார்.

ஜெயராமய்யாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெலுங்கர். என்னிடம் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பாதி தெலுங்கில் பேசுவார். காட்டுக்குள் போனால் பேச்சே கிடையாது. ஏதாவது பார்த்தால் குடைக் கம்பியால் தன் பூட்ஸைத் தட்டுவார், நாம் நிற்க வேண்டும். நான் தும்மினால்கூட முறைப்பார். மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் முதல் உருண்டையை எறும்புக்கு வைத்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அவர் படம் பார்க்கும் முறைதான் விசேஷம். லேப்டாப்பில் படத்தைத் திறந்ததும் உள்ளங்கையால் நடுப்பகுதியை மறைத்துவிடுவார். நான் உயிரை விட்டு எடுத்த பறவை அந்தக் கைக்கு அடியில் கிடக்கும். அவர் நான்கு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். என்ன செடி, என்ன கல், வெளிச்சம் எந்தப் பக்கம், ஈரம் இருக்கிறதா. "பறவை எவரைனா தீஸ்தாரு விஜயம்மா, அது எக்கட உக்காந்துச்சு, அது முக்கியம்" என்பார். பறவையை யார் வேண்டுமானாலும் எடுப்பார்களாம், அது எங்கே உட்கார்ந்தது என்பதுதான் முக்கியமாம். மூலைகள் முடிந்தபிறகுதான் கை நகரும். நடுவைப் பார்த்துவிட்டு "அந்தேனா?" என்று கேட்பார். அவ்வளவுதானா என்று அர்த்தம். நன்றாக இருந்தாலும் அதேதான், மோசமாக இருந்தாலும் அதேதான். முதல் வருஷம் இந்த அந்தேனாவைக் கேட்டு ஆபீஸ் பாத்ரூமில் அழுதிருக்கிறேன். பிறகு நானே முந்திக்கொண்டு "அந்தே சார்" என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

இனி கன்னிமார் பாறைக்கு வருகிறேன்.

நாகலாபுரத்துக்கு மேற்கே மலைக்குள் ஓர் ஓடை போகிறது. கொஞ்சம் ஏறினால் சின்ன அருவி, பக்கத்தில் குடை பிடித்த மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறை. அதன் அடியில் ஏழு கற்கள். அடிவாரத்து ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவைதான் ஏழு கன்னிமார். ஆடி மாதத்தில் பொங்கல் வைக்க வருவார்கள். வருவதற்கு முந்தின நாள் கற்களுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டுவிட்டுப் போவார்கள். தென்னை மட்டையை நசுக்கி முக்கி அடிப்பதால் மேலேயெல்லாம் துளி தெறித்துக் காய்ந்து கிடக்கும்.

அந்தப் பாறையின் வெடிப்புகளில் தங்கப் பல்லி இருந்தது. பேருக்குத்தான் தங்கம் என்று நினைக்காதீர்கள். ஆண் பல்லி பருவத்துக்கு வந்தால் கழுத்தும் தாடையும் அசல் மஞ்சள் கிழங்கு நிறத்தில் மின்னும். எல்லா மலையிலும் இருக்காது. ஈரமும் நிழலும் பாறையும் ஒன்றாகச் சேர்ந்த இடமாகப் பார்த்துத்தான் குடியிருக்கும். இந்த ஓடையில் அது இருக்கிறது என்று ஜெயராமய்யாவுக்குத் தெரியும். இங்கேயே குஞ்சு பொரிக்கிறதா என்பதுதான் தெரியாது. பொரிக்கிறது என்றால் அந்தப் பாறையைத் தொடவிடக்கூடாது.

அந்த வருஷம் வனக் காவலர் ஒரு சேதி கொண்டுவந்தார். ஊரில் முனியம்மா என்கிற அம்மாள் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். இந்தத் தடவை இடுப்பு உயரம் இல்லை, பாறையின் உச்சி வரைக்கும் பழைய சுண்ணாம்பை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு வெள்ளையடிக்கப் போகிறார்களாம். அதுவும் நாளைக்கே. ரேஞ்சர் குடையை எடுத்துக்கொண்டார். நான் பையை எடுத்துக்கொண்டேன்.

போகும் வழியில் ஒரு கல்குருவி கிடைத்தது. நீள லென்ஸை மாட்டி அதை எடுத்தேன். பாறைக்குப் போனதும் அதைக் கழற்றிவிட்டு, பொடிப் பொருளுக்கான ஜப்பான் லென்ஸை மாட்டினேன். கேமராவுக்கு முக்காலி வைக்க இடமில்லை. ஒரு திட்டின் மேல் ஏறி, முதுகைப் பாறையில் அண்டக் கொடுத்து, கேமராவைக் கையில் பிடித்தேன். ஒரு பல்லி கூரைப் பாறையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கண்ணுக்குப் போவதற்காக வளையத்தை மெதுவாகத் திருகினேன்.

பல்லியைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் துளிகள். நானும் நகரிக்காரிதானே, எங்கள் ஊர்க் கன்னிமார் கல்லிலும் இதே துளிகளைப் பார்த்து வளர்ந்தவள். அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஆனால் சிவப்புக் கோடு ஒரு காரியம் செய்தது. பாறைக்குப் போகும் முன்பே அந்தத் துளிகளின் உச்சியில் குட்டி வட்டமாக ஒரு தடவை மின்னி, பிறகு சரிந்து இறங்கி, அதற்கப்புறம்தான் பாறைக்குப் போயிற்று. தெறித்த சுண்ணாம்பு தோசை மாதிரி தட்டையாக அல்லவா இருக்கும்? இதற்கு உயரம் இருந்தது. திரும்பவும் பின்னால் திருகினேன். பாறை, சரிவு, உச்சி. ஒவ்வொன்றும் ஒரு சுண்டைக்காய்.

"சார், இது சுண்ணாம்பு இல்ல சார்."

அவர் பூட்ஸோடு திட்டில் ஏறி அண்ணாந்து பார்த்தார். நிழலில் அவர் கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. தொட்டுப் பார்க்க மனசு வரவில்லை, உடைந்துவிட்டால்? "நிறைய படம் தீய்யி" என்றார். நிறைய எடுத்தேன்.

நாகலாபுரத்தில் டீக்கடை வாசலில் ஜீப்பின் பானெட் மேல் லேப்டாப்பை வைத்துப் படத்தைத் திறந்தோம். அவர் வழக்கம்போல் நடுவைக் கையால் மூடினார். மூலைகளைப் பார்த்தார். அடுத்த படம். அதற்கடுத்தது. பிறகு என்னைப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, "ஏமண்டி விஜயம்மா, கொண்டக்கு ஜ்வரமா?" என்று கேட்டார். மலைக்குக் காய்ச்சலா என்று அர்த்தம். எல்லாப் படமும் ஆடியிருந்தது. பாறை, பல்லி, சுண்டைக்காய் எல்லாமே நடுங்கிக்கொண்டிருந்தன.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தக் கேமராவுக்குள் கை நடுக்கத்தைச் சரிக்கட்ட ஒரு தகடு உண்டு. நம் கை ஒரு பக்கம் ஆடினால் அது எதிர்ப்பக்கம் ஆடும். எவ்வளவு ஆட வேண்டும் என்பது லென்ஸைப் பொறுத்தது. புது லென்ஸ் என்றால் நான் இன்னார் என்று தானே கேமராவிடம் சொல்லிவிடும். திருகு லென்ஸ் ஊமை. மாட்டும்போதெல்லாம் நாம்தான் மெனுவில் போய் அது எத்தனை மில்லிமீட்டர் என்ற எண்ணைச் சொல்ல வேண்டும். குருவிக்குப் போட்ட நீள லென்ஸின் எண்ணை நான் மாற்றவே இல்லை. கேமரா பாவம், நீள லென்ஸ் என்று நம்பிக்கொண்டு தகடைத் தாறுமாறாக ஆட்டியிருக்கிறது. சாமி வந்த மாதிரி ஆடியிருக்கிறது என்று சொன்னால் சரியாக இருக்கும். நெற்றியில் அடித்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் என்னம்மா, டீயில் சர்க்கரை இல்லையா என்று கேட்டார்.

ஜெயராமய்யா கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "பர்வாலேது. ரேப்பு காலையில போதாம். ஆனா சுண்ணாம்பா, முட்டையா, தெரியாம நேனு போய் ஊர்க்காரங்கள நிறுத்த முடியாது விஜயம்மா. சாமி விஷயம்" என்றார். போதாம் என்றால் போகலாம், ரேப்பு என்றால் நாளை. நாளை என்றால் சுரண்டல். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. அந்தச் சுண்டைக்காய்களே கண்ணுக்குள் நின்றன.

காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது ஊர் எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. சுண்ணாம்பு டின்கள், தென்னை மட்டைகள், மூங்கில் ஏணி, கொத்தனார் கரண்டி. நடுவில் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றவள்தான் முனியம்மா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

ரேஞ்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அம்மா, இது ரிசர்வ் ஃபாரஸ்ட். இக்கட இருக்கிற பல்லிக்குச் சட்டம் உந்தி, சட்டம் இருக்கு. தொட்டா கேஸ் ஆயிடும்" என்று ஆரம்பித்தார்.

"பல்லிய யாரு தொட்டா?" என்றாள் முனியம்மா. "நான் சுண்ணாம்பு அடிக்க வந்துக்கீறேன். கண்ணாலம் ஆயி எத்தினியோ வருசம் கழிச்சி இப்பத்தான் என் மருமவ முழுகாம கீறா. கன்னிமாருக்கு நேந்துக்கினேன், உச்சி வரைக்கும் வெள்ளையடிக்கிறேன்னு. கேஸு போடறதா இருந்தா ஏழு கன்னிமாரு மேலயும் போடு. கோர்ட்டுக்கு அவங்களே வருவாங்க."

பெண்கள் சிரித்தார்கள். ரேஞ்சர் முகம் சிவந்துவிட்டது. ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்த முனியம்மாவின் கொழுந்தன் சின்னப்பன் கரண்டியோடு மேலே ஏறக் கால் வைத்தான். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"யம்மா முனியம்மா, ஒரு நிமிசம்" என்றேன். "மேல கீறது போன வருச சுண்ணாம்புன்னு நீ சொல்ற. நான் முட்டைன்னு சொல்றேன். நீயே வந்து பாத்துச் சொல்லு. சுண்ணாம்புதான்னு நீ சொல்லிட்டா நானே ஏறிச் சுரண்டித் தரேன்."

ரேஞ்சர் குடையால் பூட்ஸைத் தட்டினார். ஒரு தடவை இல்லை, படபடவென்று. நில் என்கிறார். ஏனென்றால் தெளிவான படம் ஒன்றுகூட எங்களிடம் இன்னும் கிடையாது. உள்ளே உயிர் இருக்கிறதா, எப்போதோ பொரிந்துபோன வெறும் ஓடா என்று எனக்கே தெரியாது. ஆனால் வாயை விட்டாயிற்று.

"நீ யாருமா?" என்றாள் முனியம்மா.

"போட்டோ எடுக்கிறவ. நகரி."

"நகரியா? எங்க சின்ன நாத்தனாரக்கூட அங்கதான் குடுத்துக்கீது." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "சரி, செருப்பக் கயட்டிட்டு ஏறு. கன்னிமாரு எடம்."

கழற்றினேன். ரேஞ்சரும் பூட்ஸைக் கழற்றினார். ஒரு சாக்ஸில் ஓட்டை. திட்டின் மேல் கேழ்வரகு நிரப்பிய துணிப்பையை வைத்து, அதில் கேமராவை அண்ணாந்தாற்போல் அழுத்திப் பதித்தேன். எண்ணை மாற்றினேன், மாற்றியதைத் திரும்பவும் பார்த்தேன். பக்கவாட்டில் சின்ன டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி ரேஞ்சரிடம் கொடுத்தேன். திரையைப் பெரிதாக்கினேன். முனியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணும் தெரியலியே. மானம் மோடம் போட்டாப்பல கீது."

"இந்த வளையத்தப் புடி. மெதுவா திருப்பு. உனக்கு எப்ப தெளிவா தெரியுதோ அப்ப நிறுத்து."

அவள் கையில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. வளையத்தைத் தொடும் முன்பு இரண்டு விரலையும் முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். திருகினாள். பாறையின் சொரசொரப்பு வந்தது, போயிற்று. "ஐய, போயிடுச்சே" என்று திரும்பிக்கொண்டு வந்தாள். வெள்ளை உருண்டை ஒன்று எழும்பி நின்றது. அதன் பக்கத்தில் ஓட்டை விழுந்த ஓடு ஒன்று. அதற்கும் பக்கத்தில் இன்னொன்று, அதன் மேல் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். முனியம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

விரிசல் அசைந்தது. உள்ளேயிருந்து எதுவோ முட்டியது. ஒரு சில்லு பெயர்ந்து, அரிசி நுனி அளவுக்கு ஒரு மூக்கு வெளியே வந்து, வெளிச்சம் கூசியதோ என்னவோ, சட்டென்று உள்ளே போய்விட்டது. ரேஞ்சர் டார்ச்சைச் சற்றுத் தாழ்த்தினார். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், மூலைகளை அல்ல, நேராக நடுவை.

முனியம்மா நிமிரவில்லை. வளையத்தை ஒரு மயிரளவு முன்னும் பின்னும் திருப்பி, ஓட்டைக்குள் போய்ப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து கூரைப் பாறை முழுவதையும் வெறுங்கண்ணால் பார்த்தாள். அத்தனை வெள்ளைத் துளிகள்.

"அத்தினியும் இதுதானா?" என்று கேட்டாள்.

"அத்தினியும் இல்ல. கீழ கீறதுல பாதி சுண்ணாம்புதான். மேல கீறது முட்டைங்க. பல தாய்ங்க ஒரே எடத்துல வந்து வெச்சிட்டுப் போவுமாம்."

அவள் இறங்கினாள். ஏணியில் பாதி ஏறி நின்ற சின்னப்பனிடம் போய்க் கையை நீட்டினாள். "கரண்டியக் குடு."

"ஏன் அண்ணி, சுண்ணாம்பு இல்லியாமா?"

"சுண்ணாம்பு இல்ல. வூடு."

"வூடா இருந்தா இன்னா? நேந்துக்கினது நேந்துக்கினதுதானே. பாதியில வுட்டா கன்னிமாருக்குக் கோவம் வராதா?"

முனியம்மா அவனைப் பார்த்த பார்வையில் ஏணி தானாகவே கீழே இறங்கியிருக்க வேண்டும். "டேய், நம்ம வூட்டுல மருமவ முழுகாம இருக்கிறான்னு நாலு மாசமா செவுத்துல ஒரு ஆணி அடிக்க வுட்டனா? ஓடு மாத்தணும்னு உங்கண்ணன் சொன்னாரு, மாத்த வுட்டனா? புள்ளத்தாச்சி கீற வூட்ட யாராச்சும் சுரண்டுவாங்களா? இங்க எத்தினி புள்ளத்தாச்சி வந்து பெத்துப் போட்டுட்டுப் போயிருக்குது. ஏழு பேரும் பொம்பளைங்கதானேடா. அவங்களுக்குத் தெரியாதா?"

சின்னப்பன் ஏணியிலிருந்து இறங்கிக் கரண்டியை நீட்டினான். பிறகு ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காஞ்சிபுரம் வரைக்கும் போயி தங்கப் பல்லியத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன். நம்ம வூட்டாண்டயே கீது பாரு" என்றார். உடனே எல்லோரும் திட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று தள்ளுமுள்ளு. ரேஞ்சர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக வாங்க, வரிசையாக வாங்க என்று தெலுங்கிலும் தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார். காட்டுக்குள் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

முனியம்மா ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசினாள். ஏறி வரும் படிக்கல் முழுக்க வெள்ளையடித்தாள். "மேல, இதுங்க எல்லாம் வெளிய போனப்புறம் அடிச்சிக்கிறேன்" என்றாள். ரேஞ்சர் தயங்கித் தயங்கி, வருஷா வருஷம் இங்கேயேதான் வந்து வைக்கும் போலிருக்கிறது அம்மா என்றார்.

"அப்ப வருசா வருசம் புள்ளத்தாச்சி வூடுதான். வுடுங்க சார்" என்று டின்னை மூடிவிட்டாள்.

அன்றைக்கு ஜீப்பில் திரும்பும்போது ரேஞ்சர், "அந்தே விஜயம்மா" என்றார். கேள்வி இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தை மாதத்தில் போன் வந்தது. பெண் குழந்தை, கன்னிமாருக்குக் காட்ட எடுத்துக்கொண்டு போகிறோம், உன் கேமராவோடு வா என்றாள் முனியம்மா. அப்போது நான் ஓய்வு பெற்றாயிற்று. மகள் வாங்கிக் கொடுத்த கேமராவும், இதே ரகத்தில் நானே தேடிப் பிடித்து வாங்கிய ஒரு திருகு லென்ஸுமாகப் போனேன். முனியம்மா பேத்தியை இரண்டு கையாலும் தூக்கிப் பாறைக் கூரைக்கு நேராகக் காட்டினாள். "பாருடி, உன் கூட்டாளிங்க" என்றாள். குழந்தை கொட்டாவி விட்டது. அதே சமயம் வெடிப்பிலிருந்து ஒரு பல்லி தலையை நீட்டியது. என்னிடம் இருந்தது ஒரு கை, ஒரு வளையம், கண் மூடித் திறக்கும் நேரம். திருகினேன், அமுக்கினேன்.

படத்தைப் பெரிதாகப் போட்டு முனியம்மாவின் மகன் செல்வத்திடம் கொடுத்தேன். பிள்ளையின் அப்பா. அவன் முகம் விழுந்துவிட்டது.

"இன்னா மேடம், புள்ள மூஞ்சி மங்கலா கீதே? பல்லியும் சரியா தெரியல. கேமரா தப்பா புடிச்சிடுச்சா?"

"கேமரா எங்கடா புடிச்சிது? நான்தான் புடிச்சேன். உங்கம்மா மூஞ்சியப் பாரு."

பார்த்தான். முனியம்மா அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணோரத்துச் சுருக்கம், இமையில் நின்ற ஈரம், நெற்றியில் காய்ந்த மஞ்சள், எல்லாம் அப்படியே இருந்தது. "எங்கம்மா இப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் படத்தை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு போனான்.